தலைப்பு 'மழை' என்று வந்தால்

ஹைக்கூ குழுவில் 'மழை' என்று தலைப்புக் கொடுத்து மூன்று வரி கேட்கிறார்களா? அந்தச் சொல்லையே தொடாமல் எழுதிப் பாருங்கள். கொடியில் காயாத பள்ளிச் சீருடை, விளக்கைச் சுற்றும் ஈசல், நமத்துப்போன தீப்பெட்டி: இதில் ஒன்று போதும், ஐப்பசி தானே வந்துவிடும்.

ஜப்பானிய ஹைக்கூ மரபில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்கும். அத்தகைய சொற்களைத் தொகுத்த பருவச்சொல் அகராதிகளே அங்கு உண்டு. நமக்குத் தொல்காப்பியம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளைத் தந்திருக்கிறது. ஒரு நோட்டில் ஆறு பக்கம் ஒதுக்குங்கள். அந்தந்தக் காலத்தில் உங்கள் தெருவில் பூப்பது, விற்பது, மணப்பது எல்லாவற்றையும் குறித்து வாருங்கள். சித்திரையில் வேப்பம்பூ, ஆடியில் நாவல்பழம், மார்கழியில் வாசல் பூசணிப்பூ... சொந்தமாகச் சேர்த்த இந்தப் பட்டியலைவிட நல்ல ஆசான் கிடையாது. சென்னையில் இருந்துகொண்டு பனிப்பொழிவை எழுத வேண்டாம்.

மூன்று வரிக்கு 5-7-5 அசை என்ற கணக்கு ஜப்பானிய மொழியின் ஒலியமைப்புக்கு உரியது. தமிழில் அதற்காகச் சொல்லைத் திணிக்காதீர்கள். 'அழகு', 'சோகம்', 'இனிமை' வந்தால் அடித்துவிடுங்கள். பதிவிடும் முன் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சொல் கூடுதலாக இருக்கும்.