வீட்டு இன்ஷூரன்ஸ்: மார்க்க வரம்பும் கம்பெனித் தேர்வும்

 

வீட்டை நிம்மதிக்குரிய இடமாக ஆக்கித் தந்திருப்பதை, தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹுத் தஆலா அந்நஹ்ல் அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். நம்மவர்கள் ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்ததில் பெரும் பகுதியை வீட்டில்தான் போடுகின்றனர். வளைகுடாவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டு, குனியமுத்தூரிலோ போத்தனூரிலோ மூன்று சென்ட் வாங்கி எழுப்பிய வீடு, ஒரு தீயிலோ வெள்ளத்திலோ கலவரத்திலோ போய்விட்டால் அக்குடும்பத்தின் கதி என்ன? ஆகவேதான், "வீட்டை இன்ஷூர் செய்யலாமா? செய்யலாமென்றால் எந்தக் கம்பெனியில் செய்வது?" என்று பலர் கேட்கின்றனர்.

இவை இரு வேறு கேள்விகள் போலத் தோன்றினும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒப்பந்தத்தில் மயக்கம் கூடாது. சொல்லில் பொய் கூடாது. பிறர் பொருள்மீது ஆசை கூடாது. இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு விஷயத்துக்கு வருவோம்.

மார்க்கம் என்ன கூறுகிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். முன்னெச்சரிக்கை செய்வது தவக்குலுக்கு விரோதமல்ல. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்புவதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஆகவே சர்ச்சை பாதுகாப்புத் தேடுவதைப் பற்றியதன்று. அதற்காகச் செய்யும் ஒப்பந்தத்தின் தன்மையைப் பற்றியதே.

இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தில் உலமாக்கள் மூன்று குறைகளைக் காண்கின்றனர். கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பது தெரியாத நிலை, அதாவது கரர். ஒருவர் இழப்பில் மற்றவர் ஆதாயம் பெறும் சூதாட்டச் சாயல். வசூலான தொகை வட்டியில் முதலீடு செய்யப்படுவது. கடல் வாணிபத்தில் ஐரோப்பியர் நடத்திய இன்ஷூரன்ஸைப் பற்றி ஹனபி இமாம் இப்னு ஆபிதீன் (1784–1836) தம் காலத்திலேயே ஆராய்ந்து, அது கூடாதென்று எழுதினார்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில், நிர்ணயித்த பிரீமியம் வாங்கும் வணிக இன்ஷூரன்ஸ் ஹராம் என்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையில் அமையும் கூட்டுறவு முறை ஆகுமென்றும் தீர்மானித்தது. சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற அறிஞர்கள் வணிக இன்ஷூரன்ஸையும் அனுமதித்துள்ளனர். எனினும் பெரும்பாலோர் கருத்து முன் சொன்னதே.

இந்திய முஸ்லிம்களின் நிலை தனி. இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தது. நடைமுறையிலுள்ள இன்ஷூரன்ஸ் அடிப்படையில் கூடாததே. ஆயினும் கலவரங்களால் உயிருக்கும் உடைமைக்கும் தொடர்ந்து ஆபத்துள்ள சூழ்நிலையில், நிர்ப்பந்தம் கருதி அனுமதி உண்டு என்பது அதன் முடிவு. இதை ஏற்காமல், சட்டம் கட்டாயப்படுத்தினாலன்றிக் கூடாது என்று ஃபத்வா வழங்கும் உலமாக்களும் உள்ளனர். ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபினரும் கலந்து வாழும் நம் பகுதியில், ஒவ்வொருவரும் தாம் நம்பும் ஆலிமிடம் தம் நிலையை விளக்கிக் கேட்டு நடப்பதே முறை. இழப்பீடு கிடைத்தால், கட்டிய தொகைக்கு மேற்பட்டதை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பகுதியின் ஆபத்துகள்

கோவையில் 1997 நவம்பர் இறுதியில் மூண்ட கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளையும் அனுபவித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. எல்லாச் சமூகத்தாரும் உயிரையும் உடைமையையும் இழந்தனர். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை மையமாகக் கொண்டு தென்னாட்டையே அதிரச் செய்த பூகம்பம் ஏற்பட்டது என்பதைப் பலர் அறியார். குளங்களும் நொய்யலும் சூழ்ந்த ஊரில் வெள்ளமும் உண்டு.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஒரு வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மீது விழுந்து 17 பேர் மாண்டனர். இங்கே ஒரு மஸ்அலாவை நினைவூட்ட வேண்டும். சாய்ந்த சுவரை இடிக்கும்படி எச்சரித்தும் உடையவன் இடிக்காமல் விட்டு, அது விழுந்து சேதம் செய்தால் அவனே பொறுப்பாளி என்று ஹனபி ஃபிக்ஹ் நூல்கள் தனிப் பாடமாகவே கூறுகின்றன. நம் வீட்டுக்கு எடுக்கும் பாலிசி நம் சேதத்தைத்தான் ஈடுசெய்யும். அண்டை வீட்டாரின் உயிருக்கு அது பதிலாகாது. சுவரைச் செப்பனிடுவது முதல் கடமை. இன்ஷூரன்ஸ் அதற்குப் பின்னரே.

கம்பெனியைத் தேர்வது எப்படி?

1. "எங்கள் கம்பெனி வட்டியில்லாதது" என்று ஏஜெண்டு சொன்னால் நம்ப வேண்டாம். மலேசியாவில் 1984லேயே தக்காஃபுல் சட்டம் வந்தது. இலங்கையிலும் 1999ல் அமானா தக்காஃபுல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய நிறுவனத்துக்கு உரிமம் தரப்படவில்லை. இங்குள்ள எல்லாக் கம்பெனிகளும் தம் நிதியில் ஒரு பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் போட்டே ஆக வேண்டும். அனுமதியை ஏற்பவர், உள்ளதை உள்ளபடி அறிந்தே எடுக்கட்டும்.

2. சேமிப்போடு கலந்த திட்டங்களைத் தவிர்த்து, சேதத்தை மட்டும் ஈடுசெய்யும் பாலிசியை எடுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தீ இன்ஷூரன்ஸ் நடத்தும் கம்பெனிகள் அனைத்தும் தந்தாக வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. தீ, மின்னல், பூகம்பம், புயல், வெள்ளம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவை அதில் அடங்கும். வாசகம் எங்கும் ஒன்றே என்பதால் ஒப்பிடுவது எளிது. ஆகவே பிரீமியம், கிளெய்ம் தீர்க்கும் வழக்கம், நம் ஊரில் அலுவலகம் உண்டா என்பவற்றைப் பாருங்கள். கடனடைக்கும் வலிமையைக் காட்டும் விகிதம் 1.5க்குக் குறையக் கூடாதென்பது விதி. இதைக் கம்பெனிகள் தம் கணக்கறிக்கையில் வெளியிடுகின்றன. அரசுக் கம்பெனிகள் நான்கும் 1973 முதல் அரசுடைமையாக நடப்பவை. அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் உள்ளது. தனியார் கம்பெனிகளும் உண்டு. பெயரைவிட, சேதம் வந்தபோது எப்படி நடந்துகொண்டனர் என்று அனுபவப்பட்டவர்களைக் கேட்பதே மேல்.

3. எவ்வளவுக்கு இன்ஷூர் செய்வது? மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது, மண் எரிவதில்லை. சுவருக்குள் உள்ள தரைப்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 1,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 25 லட்சம். கோட்டைமேட்டில் அந்த வீடு ஒரு கோடிக்கு விலைபோனாலும் கணக்கு 25 லட்சமே. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதம், 10 லட்ச வரம்புக்குட்பட்டு, தானே சேரும். மேற்சொன்ன வீட்டுக்கு 5 லட்சம். நகைகளை மதிப்பிட்டுத் தனியே சேர்க்க வேண்டும்.

4. எதற்குக் கிடைக்காது என்பதைக் கட்டாயம் படியுங்கள். கரரைக் குறைக்கும் வழி இதுவே. புதுக் கட்டிடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசலுக்கும், மண் கொட்டி நிரப்பிய நிலம் அமிழ்வதால் வரும் சேதத்துக்கும் கிடைக்காது. கரிசல் நிலத்திலும், மேடாக்கிய வயலிலும் கட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசு அதிகாரிகளின் உத்தரவால் இடிக்கப்பட்டால் கிடைக்காது. திருட்டுக்குக் கிடைப்பது, தீ, கலவரம் போன்ற ஆபத்து நேர்ந்த 7 நாட்களுக்குள் நடந்தால் மட்டுமே. வெறும் வீடுபுகுந்து திருடுவதற்குத் தனி பாலிசி வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளிநாடு செல்வோர், அதற்கென்று நிபந்தனை உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

5. விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். திருப்பூரில் பலர் வீட்டிலேயே பவர் டேபிள் போட்டுப் பனியன் தைக்கின்றனர். இதை மறைத்து வெறும் குடியிருப்பு என்று எழுதினால் பொய்யின் பாவமும் சேரும். தீப்பிடித்த பின் கிளெய்மும் மறுக்கப்படலாம். ஏஜெண்டிடம் கமிஷனில் பங்கு கேட்பதும் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குற்றம். பிரீமியம் கம்பெனிக்குச் சேர்ந்த பிறகே பாதுகாப்பு தொடங்கும். ஆகவே பணத்தைக் கம்பெனியின் பெயரிலேயே செலுத்தி ரசீது பெறுங்கள்.

6. வீட்டுக் கடன் தரும் இடத்தில், பல ஆண்டு பிரீமியத்தை மொத்தமாகக் கடனோடு சேர்த்துவிடுவதுண்டு. அப்போது பிரீமியத்துக்கும் வட்டி ஏறுகிறது. வட்டிக் கடனே வேண்டாம் என்பதுதான் மார்க்கம். ஏற்கனவே சிக்கியவர்களாவது பிரீமியத்தைத் தனியே கையிலிருந்து கட்டி, இந்தக் கூடுதல் வட்டியிலிருந்து தப்பட்டும்.

சேதம் நேர்ந்தால்

உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தீயானால் தீயணைப்புத் துறையிலும், கலவரமானால் காவல் நிலையத்திலும் பதிவு செய்யுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை சேதமடைந்ததை அப்புறப்படுத்த வேண்டாம். புகைப்படம் எடுத்து வையுங்கள். நான்கு போர்வை எரிந்ததற்கு நாற்பது என்று எழுதாதீர்கள். இன்ஷூரன்ஸின் நோக்கம் இழப்பை ஈடுசெய்வதே, இலாபம் தருவதன்று. கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு ரூபாயும் பிறர் பொருள். அதற்கு மறுமையில் கணக்குண்டு.

கம்பெனி மறுத்தாலோ, முறையிட்டு ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 50 லட்சம் வரையிலான இழப்பீட்டை அவர் விசாரிப்பார். அதற்கு முன், 155255 என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவச எண்ணிலும் புகார் செய்யலாம்.

ஜமாஅத்தின் கடமை

இன்ஷூரன்ஸே வேண்டாமென்று பேணுதலாக இருப்போரின் வீடு எரிந்தால் யார் தாங்குவது? அஷ்அரி குலத்தார் உணவு குறைந்தபோது இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்து, அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று கூறினார்கள். இதுவே தக்காஃபுலின் உயிர். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் பைத்துல்மாலில் பேரிடர் நிதி என்று ஒரு பகுதியை ஒதுக்கலாம். ஆனால் "இவ்வளவு கட்டினால் இவ்வளவு தருவோம்" என்று வாக்களிக்கக் கூடாது. அது உரிமமில்லாத இன்ஷூரன்ஸ் ஆகிவிடும், சட்டம் அனுமதிக்காது. நன்கொடையாக வாங்கி, நன்கொடையாகவே கொடுங்கள். வீட்டை இழந்து கடனில் விழுந்தவர், கடனாளிகள் என்ற வகையில் ஜகாத் பெறவும் தகுதியாகலாம்.

சுருங்கக் கூறின், எடுப்பதானால் ஆலிமிடம் கேட்டு, வாசகம் தெளிவாக உள்ளதை, உண்மை கூறி எடுங்கள். எடுக்காதவர்கள், எடுத்தவர்களைக் குறை கூறாமல் தம் ஜமாஅத்தின் பைத்துல்மாலைப் பலப்படுத்தட்டும். காப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் இல்லங்களையும், நம் அண்டை வீட்டாரின் இல்லங்களையும் எல்லாத் தீங்குகளை விட்டும் பாதுகாத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.