வால்மார்ட் வந்தால் ஊர் என்ன ஆகும்?

பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டை 2012-ல் மத்திய அரசு அனுமதித்தபோது, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் உதாரணத்துக்கு எடுத்தது வால்மார்ட்டைத்தான். அன்று கிளம்பிய பேச்சுகள் இன்றும் அப்படியே உலவுகின்றன. அந்தக் கடை பிறந்து வளர்ந்த அமெரிக்காவிலோ அறுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு நம்பிக்கையாகச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: விலை குறைவு என்பது வெறும் விளம்பரம்.

விலை உண்மையாகவே குறைவுதான். அதே உணவுப் பொருளை வழக்கமான சூப்பர் மார்க்கெட்டைவிட வால்மார்ட் 15 முதல் 25 விழுக்காடு வரை குறைத்து விற்றதாக ஜெர்ரி ஹாஸ்மன், எஃப்ரைம் லெய்ப்டாக் இருவரின் ஆய்வு 2007-ல் சொன்னது. சம்பளத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? பெரிய கடைகளை எதிர்ப்பவர்கள் (நானும் அந்தப் பக்கம் சாய்ந்தவன்தான்) இதை ஒப்புக்கொள்ளாமல் பேசினால், மாதக் கடைசியில் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்பவர்கள் நம் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

சாம் வால்டன் 1962-ல் ஆர்கன்சா மாநிலத்து ராஜர்ஸ் என்ற ஊரில் முதல் கடையைத் திறந்தார். மாநகரங்களை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுச் சிற்றூர்களைப் பிடித்தார். ஒரு பெரிய கிடங்கு, அதிலிருந்து லாரி ஒரே நாளில் சரக்கு இறக்கக்கூடிய தூரத்துக்குள் கடைகள். மொத்தக் கொள்முதல், சப்ளையர்களிடம் விட்டுக்கொடுக்காத பேரம், இவற்றோடு ஆள் சம்பளத்திலும் மிச்சம் பிடித்தார். விலை இறங்கியது இப்படித்தான்.

நம்பிக்கை: பெரிய கடை வந்தால் ஊரில் வேலை பெருகும்.

வால்மார்ட்டின் சூப்பர்சென்டர் என்ற பெரிய கடை ஒன்றில் சுமார் 300 பேர் வேலை பார்ப்பார்கள். திறப்பு விழா அன்று அந்த எண் மட்டும்தான் பேசப்படும். பொருளியலாளர் எமெக் பாஸ்கர் 2005-ல் கணக்கிட்டபோது, கடை வந்த ஆண்டில் அந்தக் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சில்லறை வணிக வேலைகள் நிகரமாகச் சுமார் 100 கூடின. ஐந்தே ஆண்டில் அதில் பாதி கரைந்தது. பக்கத்துக் கடைகளில் சில கதவடைத்ததும், சில ஆட்களைக் குறைத்ததும் காரணம்.

டேவிட் நியூமார்க் குழு 2008-ல் இன்னும் கடுமையான முடிவுக்கு வந்தது: வால்மார்ட்டில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், சில்லறை வணிகத்தில் 1.4 பேர் வேலை இழக்கிறார்கள். இரண்டு ஆய்வும் ஏன் ஒத்துப்போகவில்லை? வளரும் ஊராகப் பார்த்துத்தான் நிறுவனம் கடை போடும். அப்போது ஊரின் சொந்த வளர்ச்சி கடையின் சாதனையாகத் தோன்றிவிடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, தலைமையகமான பென்டன்வில்லிலிருந்து கடைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தூரம் பரவின என்பதை நியூமார்க் குழு அளவுகோலாக வைத்தது. ஜஸ்டின் வில்ட்ஷயர் வேறொரு வழி கண்டார். மக்கள் எதிர்த்து நின்று கடையை வரவிடாமல் தடுத்த கவுன்டிகளையும், கடை வந்த கவுன்டிகளையும் ஒப்பிட்டார். வந்த இடங்களில் வேலையும் குறைந்தது, ஊதியமும் குறைந்தது. எனக்கு இந்த ஒப்பீடுதான் கூடுதல் நம்பிக்கை தருகிறது.

நம்பிக்கை: சம்பளம் கடைக்காரருக்கும் வேலைக்காரருக்கும் இடையிலான விஷயம், மற்றவர்களுக்கு என்ன?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு 2020-ல் ஓர் அறிக்கை தந்தது. அரசின் உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறும் தொழிலாளர்களை அதிகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியலில், ஆராய்ந்த மாநிலங்களில் எல்லாம் வால்மார்ட் முன்வரிசையில் இருந்தது. உதவி பெற்றபடி வேலைக்கும் போகும் பெரியவர்களில், எந்த நிறுவனமானாலும், பத்தில் ஏழு பேர் முழுநேர வேலையில் இருப்பவர்கள் என்கிறது அதே அறிக்கை. உழைத்தும் வயிறு நிறையாத குறையை வரிப்பணம்தான் நிரப்புகிறது. 2015-ல் 9 டாலராக இருந்த மணிக்கூலித் தொடக்கத்தை 2023-க்குள் வால்மார்ட் 14 டாலராக உயர்த்தியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்பிக்கை: சின்னக் கடைகள் எல்லாமே அழிந்துவிடும்.

எல்லாம் அல்ல. அயோவா மாநிலச் சிற்றூர்களை ஆராய்ந்த கென்னத் ஸ்டோன், வால்மார்ட் விற்காததை விற்ற உள்ளூர்க் கடைகள் வால்மார்ட்டுக்கு வந்த கூட்டத்தால் பலன் அடைந்ததையும் பதிவு செய்தார். அடி வாங்கியவை, அதே சரக்கை விற்ற கடைகளும் வால்மார்ட் வராத சுற்றுவட்டார ஊர்களும்.

நம்பிக்கை: பெரிய கடை போனால் பழைய கடை திரும்ப வந்துவிடும்.

வடக்கு கரோலினாவில் நியூஸ் ஆற்றங்கரையில் ஓரியன்டல் என்றொரு ஊர். ஆயிரம் பேருக்கும் குறைவு, பாய்மரப் படகுகளுக்குப் பேர் போனது. அங்கே நாற்பது ஆண்டுக்கு மேலாக டவுன் அண்ட் கன்ட்ரி என்ற மளிகைக்கடை இருந்தது. 2014-ல் வால்மார்ட் எக்ஸ்பிரஸ் என்ற சிறிய கடை, மருந்தகத்தோடு, வந்தது. விற்பனை சரிந்து, 2015 அக்டோபரில் பழைய கடை மூடப்பட்டது. 2016 ஜனவரியில், லாபம் போதவில்லை என்று உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக வால்மார்ட் அறிவித்தது. பட்டியலில் ஓரியன்டலும் இருந்தது. பழைய கடை பூட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதன் அலமாரிகள் காலி, ஆட்களும் கலைந்துவிட்டார்கள். பால் வாங்கவும் மருந்து வாங்கவும் ஊர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்ப வேண்டியதாயிற்று.