எதை வெச்சுச் சொல்றே?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. காட்டாங்குளத்தூர் ஒன்றியத்தில் உனக்குத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்ததில் உன் அப்பாவைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எது சொன்னாலும் ‘சரி பெரியப்பா’ என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள், பயிற்சி வினாவுக்கும் விடை எழுதிவிடுகிறார்கள், பாடத்தில் நேராக இல்லாத ஒன்றைக் கேட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள் என்றாய். பிள்ளைகளைக் குறை சொல்லாதே. நாளைக்குக் கரும்பலகையில் இப்படி எழுதிப் பார்: ‘டொக்கான் பிம்மியில் லாடியது.’ டொக்கான் எங்கே லாடியது என்று கேள். வகுப்பே ‘பிம்மியில்’ என்று கத்தும். டொக்கான் யார், லாடுவது என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. ‘இல்’ உருபு விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் பயிற்சி வினாக்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இவற்றுக்கு முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை பாடத்தைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதற்கு நாம் கொடுத்த விலை கணக்கிலேயே இருக்கிறது. ‘பீசா’ என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. எழுதியவர்கள் 15 வயதுப் பிள்ளைகள். 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டியவர்கள் நம் மாநிலத்தில் 100க்கு 17 பேர். வளர்ந்த நாடுகளின் சராசரி 81. கேள்விகள் நம் சூழலுக்கு ஒட்டாதவை என்று அப்போது சொன்னார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தேர்வு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமா என்று பார்ப்பதோடு நிற்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலைச் சேர்த்து, சொல்லாமல் விட்டதைச் சொல்லச் சொல்கிறது. நம் பிள்ளைகளிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

சரி, எப்படிக் கேட்பது? பாடப்புத்தகத்துக்குக் காத்திருக்காதே. நீயே மூன்று வரி எழுதிக்கொள்.

‘ரயில் காட்டாங்குளத்தூரில் நின்றது. பாட்டி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பையை நெஞ்சோடு அணைத்தபடி கூரையடிக்கு ஓடினாள்.’

பாட்டி எந்த ஊரில் இறங்கினாள் என்று கேட்டால் மறுபடியும் டொக்கான் கதைதான். பாட்டி ஏன் ஓடினாள் என்று கேள். ஒருத்தி மழை என்பாள். ஒருவன் வெயில் என்பான். கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், ‘பையில பணம் இருக்கு டீச்சர், திருடன் துரத்துறான்’ என்பான். அவனைப் பார்த்துச் சிரித்துவிடாதே. யாரிடமும் ‘தப்பு’ என்று சொல்லாதே. ‘சரி’ என்றும் சொல்லவே சொல்லாதே. டீச்சர் வாயிலிருந்து ‘சரி’ வந்த நொடியில் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மூவரிடமும் ஒரே கேள்விதான்: ‘எதை வெச்சுச் சொல்றே?’ எந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டட்டும். முந்தானை மழைக்கும் பொருந்தும், வெயிலுக்கும் பொருந்தும். திருடனுக்கு? ஓடுகிற அவசரத்தில் யாராவது முக்காடு போடுவார்களா? பையை அணைத்தது திருடனுக்குப் பொருந்தும், மழைக்கும் பொருந்தும். வெயிலுக்குப் பயந்து பையை ஏன் அணைக்க வேண்டும்? எல்லாச் சொல்லுக்கும் ஒத்துவரும் விடை எது என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்யட்டும். அப்புறம் நாலாவது வரியைச் சேர்: ‘சர்க்கரை நனைந்தால் யார் பேச்சு வாங்குவது?’ வெயில்காரன் தானாகவே கையை இறக்கிவிடுவான். மறுநாள் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு, ‘குச்சி ஐஸ் உருகிவிட்டால் பேரன் அழுவானே’ என்று எழுது. இப்போது அவன் பக்கம் ஜெயிக்கும். ஒரே ஒரு வரி மாறினால் முந்தைய வரிகளின் பொருளும் மாறுகிறது என்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. சாட்சி இல்லாத ஊகம் குருட்டாம்போக்கு. அதை மட்டும் அனுமதிக்காதே.

கேள்வி கேட்டதும் பொறுமையாக இரு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்னது: ஆசிரியர்கள் கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அந்த மூன்று நொடி உனக்கு யுகமாகத் தெரியும். மனசுக்குள் எண்ணிக்கொள்.

இன்னொன்று. சில பிள்ளைகளால் ஊகிக்க முடியாததற்குக் காரணம் புத்தியில் இருக்காது. இந்தக் கதையைப் பார்: ‘கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். வாசலில் ஒரு வண்டிகூட இல்லை. அப்பா போனில் தேதியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.’ அன்று என்ன கிழமை? உன் வகுப்பில் பாதிப் பேர் செவ்வாய் என்பார்கள், அன்றைக்குத்தான் பூங்காவுக்கு விடுமுறை. மதுரைப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் திணறுவாள். பாதி விடை தாளில் இருக்கிறது, மீதி படிக்கிறவளின் தலையில் இருக்க வேண்டும். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: பேஸ்பால் பற்றிய ஒரு பகுதியை, ஆட்டம் தெரிந்த, சுமாராக வாசிக்கும் பிள்ளைகள், ஆட்டம் தெரியாத, நன்றாக வாசிக்கும் பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே ஊகிக்கும் பயிற்சியை மட்டும் வருடம் முழுக்க நடத்தாதே. ஏரி, சந்தை, தபால், கிரகணம் என்று விஷயங்களைச் சொல்லிக்கொண்டே இரு.

மறைமலைநகர் தொழிற்சாலைகளை நம்பி வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளும் உன்னிடம் இருக்கலாம். அவர்களுக்கு யோசிக்கத் தெரியும், அதைத் தமிழில் சொல்லத்தான் தெரியாது. முதலில் படம் காட்டிக் கேள். பதிலை இந்தியிலோ ஒடியாவிலோ சொல்லட்டும். பக்கத்துப் பிள்ளை தமிழாக்கித் தருவான்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்களே, மலருக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பற்றி நிம்மதியாக இருந்துவிடாதே. கடகடவென்று வாசிக்கிற பிள்ளையிடம்தான் இந்தக் குறை ஒளிந்திருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற புத்தகங்கள் பீரோவில் இருந்தால் வெளியே எடு. சிறிய கதைகள், பக்கத்தைத் திருப்புவதற்கு முன் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்க வசதியானவை.

நமக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. சங்கப் பாட்டில் தலைவியின் மனதைச் சொல்லாமல் குருகையும் வண்டையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே வைத்திருக்கிறது. படிப்பவர் தாமாகக் கண்டுபிடிப்பதற்காக மறைத்து வைத்ததை, மேல்வகுப்பில் நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இந்தக் கூத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடிதம் முடியாது.

அதிகாரி பார்வைக்கு வந்தால், பாடம் ஏன் பின்தங்கியிருக்கிறது என்று கேட்கக்கூடும். பாட்டி கதையை அவர் எதிரிலேயே நடத்திக் காட்டு. அடுத்த முறை நீயே வினாத்தாள் தயாரிக்கும்போது, பாடத்தில் விடை நேராக இல்லாத இரண்டு கேள்வியாவது சேர். விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால், எதை வைத்துச் சொன்னாய் என்பதற்கு இரண்டு கொடு. திருத்திய தாள்களில் உனக்கு ஆச்சரியமாகப் பட்டவற்றை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா