வண்டி பேசுமுன் படியை அள

துவாரகா, புது தில்லி

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. 

மயூர் விஹாரிலிருந்து துவாரகாவுக்கு வருகிறீர்கள், வீடும் அமைந்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். டிடிஏ ஃப்ளாட், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, வாடகை கைக்கு அடக்கம் என்றான். நல்ல காற்றோட்டம் உள்ள வீடுகள்தான் அவை. சாமான் ஏற்ற நாலைந்து பேரிடம் ரேட் கேட்டாயாம். ஒருவர் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு இன்னொருவர் சொல்கிறார், யாரை நம்புவது என்று குழம்பிக் கிடக்கிறாயாம். போனில் பேசினால் பாதி மறந்துபோகும். எழுதிவிடுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்.

ஊருக்குள்ளேயே வீடு மாற்றும்போது கூலியைத் தீர்மானிப்பது, வண்டி நிற்கும் இடத்திலிருந்து உன் வாசல் வரை உள்ள வழி. மயூர் விஹாரிலிருந்து இங்கே முப்பது கிலோமீட்டர் போல இருக்கும். அதை டெம்போ எப்படியும் ஓடிக் கடந்துவிடும். கடைசி ஐம்பது மீட்டரும் மூன்று மாடிப் படியும்தான் ஆட்களின் அரை நாளைச் சாப்பிடும். ரேட் சொல்கிறவர் அதை விசாரிப்பதில்லை. கேட்கிறவரும் வாயைத் திறப்பதில்லை. பாதிச் சாமான் இறங்கிய பிறகு, "மேடம், மூணு மாடின்னு சொல்லலையே" என்று ஆரம்பிப்பார்கள். அப்போது உன் கட்டில் தெருவில் நிற்கும், குழந்தை பசியில் அழும், நீ கேட்டதைக் கொடுப்பாய். அவர்களுக்கும் அது தெரியும்.

துவாரகாவில் அந்தக் கடைசி ஐம்பது மீட்டர் ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்பாய். பாப்பன்கலான் என்ற பெயரில் தில்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ திட்டமிட்ட துணை நகரம் இது. அகலச் சாலை, செக்டர், அதற்குள் பாக்கெட் என்று கோடு போட்டுக் கட்டினார்கள். ஆனால் நாலு அடுக்கு டிடிஏ வீடுகளை வரைந்த காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸ்கூட்டர் என்பதுதான் கணக்கு. இன்று அதே வீட்டுக்கு ஒரு கார், சில வீடுகளுக்கு இரண்டு. அதனால் வெளிச்சாலை விமான ஓடுதளம் போல இருக்கும்; பாக்கெட்டுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கார் நின்று, நடுவில் ஒரு ஆட்டோ போகத்தான் இடம் இருக்கும். சில பிளாக்குகளில் குடியிருப்பவர்கள் பணம் போட்டு வெளிப்புறமாக லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். உன் பிளாக்கில் அப்படி ஒன்று இருந்தால் இரண்டு விஷயம் கேள். உன் வீட்டுச் சொந்தக்காரர் அதற்குப் பணம் கட்டியிருக்கிறாரா? கட்டாதவர்களுக்கு லிஃப்டைத் திறந்துவிட மாட்டார்கள். அடுத்தது, லிஃப்ட் வீட்டு வாசலில் நிற்கிறதா, படித் திருப்பத்தில் நிற்கிறதா? திருப்பத்தில் என்றால் அரை மாடி தூக்கித்தான் ஆகவேண்டும்.

இந்த வாரமே ஒரு இன்ச் டேப் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய் வா. படியின் அகலத்தைச் சுவரிலிருந்து கைப்பிடி வரை அள. திருப்பத்தில் உள்ள மேடையின் நீள அகலம், அங்கே நின்றால் தலைக்கு மேல் கூரை எவ்வளவு உயரம், வாசற்கதவின் அகலம், எல்லாவற்றையும் குறித்துக்கொள். பிறகு வீட்டில் பீரோ, ஃப்ரிட்ஜ், சோபா, மெத்தை ஆகியவற்றை அள.

பீரோவை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், படியில் அதுதான் எல்லோரையும் அழவைக்கும். ஆறரை அடி உயர இரும்பு பீரோவைச் சாய்த்து ஏற்றும்போது கீழே நிற்பவர் மேல்தான் பாரம் முழுக்க இறங்கும். மேலே நிற்பவர் வழிகாட்டி மட்டும். திருப்பம் வந்ததும் சாய்ந்ததை நிமிர்த்தித்தான் திருப்ப முடியும். நிமிர்த்தினால் தலை, மேல் படிக்கட்டின் அடிப்பாகத்தில் இடிக்கும். "ருக்கோ, ருக்கோ" என்று ஒருவர் கத்துவார். கீழே இருப்பவர் முழங்காலில் முட்டுக் கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கைப்பிடிக்கு மேலே தூக்கித் தாண்டவைத்தால்தான் வழி பிறக்கும். சுவரில் சுண்ணாம்பு பெயர்வதும் பீரோவில் பள்ளம் விழுவதும் அந்த அரை நிமிடத்தில்தான். உள்தட்டு, லாக்கர் எல்லாவற்றையும் காலி செய்துவிடு. கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடு. அளவு ஒத்துவரவில்லை என்றால் இங்கே வரும் முன்பே விற்றுவிடு. மூன்றாம் மாடிக்கு ஏற்றும் கூலியை அதன் பழைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விற்க மனசு ஒப்பும்.

சோபா திரும்பாவிட்டால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி இழுக்கலாம் என்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் பழைய வீடுகளின் முகப்பில் இதற்கென்றே உத்தரமும் கொக்கியும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே படி அவ்வளவு குறுகல். நம் பால்கனிக் கம்பி அதற்காகச் செய்ததல்ல. கீழே மின் கம்பி, ஏசி யூனிட், யாருடைய காரோ நிற்கும். மெத்தையைப் போல லேசானது என்றால் சரி. கனமான எதற்கும் ஒப்புக்கொள்ளாதே.

அடுத்தது பார்க்கிங். எந்த கேட் திறந்திருக்கும், உயரத் தடுப்புக் கம்பி இருக்கிறதா, படிக்கட்டு வாசல்வரை வண்டி வருமா என்று காவலாளியிடம் கேள். குடியிருப்போர் சங்கமான ஆர்டபிள்யூஏ ஆபீசில் முன்கூட்டிச் சொல்லி வை. அனுமதிச் சீட்டு கேட்டால் வாங்கிக்கொள். கீழ்வீட்டுக்காரரிடம் முந்தின நாள் மாலை போய், "நாளைக்கு இரண்டு மணி நேரம் உங்கள் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா" என்று நீயே கேள். வண்டிக்காரர் ஹாரன் அடித்துக் கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவோ வித்தியாசம். முதல் நாளே அக்கம்பக்கத்துப் பழக்கமும் ஆகிவிடும்.

பெரிய வண்டி ஒன்று பேசினால் மலிவு என்று தோன்றும். டாடா 407 பாக்கெட்டுக்குள் திரும்ப முடியாமல் வெளிச்சாலையில் நின்றுவிட்டால், ஒவ்வொரு பெட்டியும் நூறு மீட்டர் தோளில் வரவேண்டும். அதைவிட இரண்டு டாடா ஏஸ் ஒரே நேரத்தில் வருவது மேல். 2005-இல் வந்த அந்தக் குட்டி வண்டியை இங்கே சோட்டா ஹாத்தி என்பார்கள். படிக்கட்டு வாசலுக்கே வந்து நிற்கும். ஒரே ஏஸில் இரண்டு நடை என்று மட்டும் பேசாதே. முப்பது கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

தில்லியில் பல சாலைகளில் சிறு சரக்கு வண்டிகளுக்கும் காலை 7 முதல் 11 வரை, மாலை 5 முதல் 9 வரை நோ என்ட்ரி. மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு 2021-இல் இதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். மற்ற வண்டி என்றால் 7 மணிக்கு முன்பே வரவழைத்து, காலையில் சாமானைக் கட்டி ஏற்றி முடித்து, 11 மணிக்கு வண்டி கிளம்பும்படி திட்டம் போடு. வார நாளாக இருந்தால் அந்த நேரத்தில் துவாரகாவில் கார்கள் ஆபீஸ் போயிருக்கும், பாக்கெட் காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் எல்லாக் காரும் வீட்டில் நிற்கும். மாதக் கடைசியிலும் முதல் தேதியிலும் ஊரே வீடு மாற்றும், ஆளும் கிடைக்காது, ரேட்டும் ஏறும்.

நாள் நட்சத்திரம் பற்றி உன் அம்மா கட்டாயம் கேட்பாள். அதற்கு ஒரே வழி, சடங்கையும் சாமானையும் பிரித்துவிடு. நல்ல நாளில் விளக்கு, மஞ்சள், உப்பு, ஒரு குடம் தண்ணீர், சுவாமி படம் இவற்றோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வா. சாமானை உனக்கு வசதியான வார நாளில் ஏற்று. ஆடியும் மார்கழியும் ஆகாது என்பாள். அது தில்லிக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆடியில் மழைத் தண்ணீர் தேங்கி வண்டி நகராது. மார்கழியில் காற்று மாசு உச்சத்துக்குப் போய் கிராப் என்கிற மாசுக் கட்டுப்பாடு வந்தால், பழைய டீசல் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் வந்தே ஆகவேண்டும் என்றால் சிஎன்ஜி அல்லது மின்சார வண்டி என்று முதலிலேயே கேட்டுப் பேசு.

இனி ஆளைப் பிடிப்பது. படியையும் பாக்கெட் வழியையும் போனில் வீடியோ எடுத்து, சாமான் பட்டியலோடு மூன்று பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. முடிந்தால் ஒருவரை நேரில் வரச் சொல். வந்து பார்க்காமலே மிகக் குறைந்த ரேட் சொல்கிறவரை விட்டுவிடு. மீதியை உன் வாசலில் வைத்து வாங்கிக்கொள்வார். பேசும்போது மணிக்கணக்கு, மாடிக்கணக்கு எதுவும் வேண்டாம். மொத்தக் கூலி ஒன்றாகப் பேசி, அதையும் எழுத்தில் வாங்கு. "மயூர் விஹார் இரண்டாம் மாடியிலிருந்து துவாரகா மூன்றாம் மாடி, இரண்டு இடத்திலும் லிஃப்ட் இல்லை, இரண்டு ஏஸ், ஐந்து ஆள், கட்டில் பிரித்து மாட்டித் தருவது, பேக்கிங், வரி எல்லாம் சேர்ந்து இவ்வளவு, மேற்கொண்டு எதுவும் கிடையாது" என்று நீ அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். முன்பணம் கொஞ்சமாகக் கொடு. மீதி, கடைசிப் பெட்டி மேலே வந்த பிறகு.

பெரிய நிறுவனத்தைப் பிடித்தால் இன்னும் சில கேள்விகள் உண்டு. பேக்கிங், ஏற்று இறக்கு எல்லாம் சேர்த்துச் செய்பவர்கள் பொதுவாக 18 சதவீதம் ஜிஎஸ்டி போடுவார்கள். சொன்ன ரேட்டில் அது அடங்கியதா என்று கேள். "ஐபிஏ அப்ரூவ்டு" என்று அட்டையில் போட்டிருந்தால் மயங்காதே. லாரி ரசீதின் பேரில் வங்கிகள் பணம் கொடுக்க வசதியாக இந்திய வங்கிகள் சங்கம் வைத்திருக்கும் பட்டியல் அது. உன் கண்ணாடிப் பாத்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை. இன்சூரன்ஸ் என்று பணம் கேட்டால் பாலிசி எண்ணைக் கேள். எண் இல்லை என்றால் அது இன்சூரன்ஸும் இல்லை. பில்டி என்கிற லாரி ரசீது கொடுத்தால் பத்திரப்படுத்து. 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சேதத்துக்கு வழக்குப் போடுவதென்றால் புக் செய்த 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கட்டும்போது புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடு. பெரிய பெட்டியில் போட்டால் அடி கழன்று படியில் கொட்டும். கிரைண்டர் குழவியையும் பாத்திரத்தையும் தனித்தனியே துணியில் சுற்று. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். வாங்கியபோது கொடுத்த டிரான்சிட் போல்ட்டைத் தேடியெடுத்து மாட்டச் சொல், இல்லாவிட்டால் டிரம் ஆடிக் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜ் நின்றபடியே வரட்டும். கட்டில் ஸ்குருக்களை ஒரு பையில் போட்டுத் தலைப்பலகையிலேயே ஒட்டிவிடு. நகை, சர்டிபிகேட், மருந்து, குழந்தையின் பால் பாட்டில் எல்லாம் உன் கைப்பையில், உன்னோடு மெட்ரோவில்.

கடைசியாக, தூக்குகிறவர்களைப் பற்றி. ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்தது. இங்கே ஃப்ரிட்ஜை ஒருவர் முதுகில் கட்டி மூன்று மாடி ஏற்றுவதைப் பார்ப்பாய். ஆள் குறைத்தால் கூலி குறையும் என்று ஒப்பந்தக்காரர் ஆசை காட்டுவார். ஐந்து ஆளுக்கு மூன்று ஆள் வந்தால் வேலையை ஆரம்பிக்கவே விடாதே. பேரத்தை ஒப்பந்தக்காரரோடு முதல் நாளே முடித்துக்கொள், படியில் நிற்பவரோடு வேண்டாம். குடிக்கத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் இரண்டு வீட்டிலும் தயாராக இருக்கட்டும். வேலை முடிந்ததும் டீச்செலவுக்குக் கொடுப்பதை ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொடு. ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

படி, கதவு, பீரோ அளவுகளை எனக்கும் அனுப்பி வை. பீரோ ஏறுமா ஏறாதா என்று நானும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சாமான் இறங்கும் நாளில் கீழே வண்டிப் பக்கம் நான் நிற்கிறேன். மாப்பிள்ளை மேலே நின்று எதை எந்த அறையில் வைப்பது என்று சொல்லட்டும். மத்தியானச் சாப்பாடு உன் பெரியம்மா பொறுப்பு. ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சமைக்கப்போகிறாள், அதனால் எத்தனை பேர் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியப்பா