மணற்கடலும் மோட்டார் வண்டியும்

பாதை உள்ளவிடத்து வண்டி செலுத்துதல் எளிது. பள்ளத்தை நிரப்பியவனும், பாறையை உடைத்தவனும், பாலத்தைக் கட்டியவனும் யாவரென நாம் அறியோம். ஆயினும் அவர்தம் உழைப்பின் மேலேயே நம் சக்கரங்கள் உருளுகின்றன. அப்பாதை முடிந்து வெறுநிலம் தொடங்குமிடத்து வண்டி யாங்ஙனம் செல்லும்? சென்றபின், ஊரும் விடுதியும் கிணறும் இல்லாத அந்நிலத்தே மாந்தர் யாங்ஙனம் தங்குவர்? இவ்விரு வினாக்களையுமே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்காலத்தே பல நாடுகளிலும், பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியாகிய பிக்கப்பை வாங்கி, காடும் மலையும் பாலையும் புகுந்து தங்கி வருதற்கேற்பத் திருத்திக்கொள்வார் பலர் உளர். வண்டியை உயர்த்துகின்றனர், பெரிய டயர்களைப் பூட்டுகின்றனர், கூரைமேல் கூடாரமும் முகப்பில் விளக்கு வரிசையும் அமைக்கின்றனர். கையிற் பணம் உள்ளவரை வண்டியில் பொருளும் ஏறிக்கொண்டே செல்கின்றது. திருத்துதல் என்றால் சேர்த்தல் என்பதே அவர் கருத்துப் போலும். யாம் அவ்வாறு கருதுகிலேம். முதற்கண் நிலத்தை அறிதல் வேண்டும். அடுத்து, வேண்டாதனவற்றை நீக்குதல் வேண்டும். சேர்த்தல் இவற்றின் பின்னரே வருதல் தகும். இக்கருத்தை நிறுவுதற்கு வடஆப்பிரிக்காவின் லிபியப் பாலையில் நிகழ்ந்த வரலாறு ஒன்று சான்றாக நிற்கின்றது.

நிலத்தின் இயல்பு

எகிப்தின் மேற்குப் பகுதியும், லிபியாவின் கிழக்குப் பகுதியும், சூடானின் வடமேற்குப் பகுதியும் அடங்கிய பெரும்பரப்பு லிபியப் பாலை எனப்படும். தமிழ் நூலார் கூறும் பாலை வேறு. அது வெம்மையால் குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து தோன்றுவது. மழை பெய்யின் மீண்டும் பசுமை எய்துவது. லிபியப் பாலை அங்ஙனம் மீள்வதன்று. பல்லாண்டு மழையே காணாத இடங்கள் அதன்கண் உள. அதன் ஒரு பகுதியாகிய பெருமணற்கடலில், மணற்குன்றுகள் ஏறக்குறைய வடக்குத் தெற்காக, ஒன்றற்கொன்று இணையாக, நெடுந்தொலைவு நீண்டு கிடக்கின்றன. அவற்றுள் 100 மீட்டர் உயரம் எய்தியனவும் உண்டு.

மணல் எல்லாம் ஒருதன்மைத்து அன்று. காற்று வந்து மோதும் பக்கத்து மணல் அழுந்தி இறுகிக் கிடக்கும். காற்று மறைவில் சரிந்து விழும் மணலோ நெகிழ்ந்து, கால் வைத்தால் புதையும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம், ஒரே மென்மை. இவ்வேறுபாட்டை அறியாதவன் எத்துணை வலிய வண்டியை உடையனாயினும் குன்றின் அடியிலேயே நிற்பான்.

அறிந்தவர்

இவ்வேறுபாட்டை ஆய்ந்து அறிந்தவர் ரால்ப் பாக்னால்டு (1896–1990) என்னும் ஆங்கிலேயப் படைப் பொறியாளர். இவர் 1926ஆம் ஆண்டில் எகிப்திற்கு அனுப்பப்பட்டார். விடுமுறை நாட்களில் நண்பர் சிலரோடு ஃபோர்டு வண்டிகளைப் பாலைக்குள் செலுத்திப் பழகினார். 1929, 1930, 1932ஆம் ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட செலவுகள், மோட்டார் வண்டியால் கடத்தலாகாது எனக் கருதப்பட்ட மணற்கடலையும் கடத்தல் கூடும் எனக் காட்டின. அவை அரசு பணித்த வேலையல்ல. தம் கைப்பொருளைச் செலவிட்டுச் செய்த பயணங்கள். ஆதலின் ஒவ்வொரு கருவியும் குறைந்த விலையதாகவும், பழுதுற்றால் வழியிலேயே திருத்தத் தக்கதாகவும் அமைந்தது.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கிற்று. லிபியா அப்பொழுது இத்தாலியர் ஆட்சியின் கீழ் இருந்தது. பாலையின் உள்நாட்டில் பகைவர் செய்வதை அறிதற்கு ஒரு சிறுபடை வேண்டுமென்ற பாக்னால்டின் விண்ணப்பத்தைத் தளபதி வேவல் ஏற்றுக்கொண்டார். நியூசீலாந்து வீரரைக் கொண்டு அப்படை தொடங்கப்பட்டது. பின்னர் நெடுந்தொலைப் பாலைப்படை என்னும் பொருள்படும் பெயரைப் பெற்றது. அவர்கள் முதற்கண் கொண்ட வண்டி, ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம் ஏற்றும் செவ்ரோலே சிறு லாரி. அது கடைத்தெருவில் சரக்கு ஏற்றுதற்கென்று செய்யப்பட்டது. அதன் பின்சக்கரங்களுக்கு மட்டுமே எஞ்ஜினின் இயக்கம் உண்டு.

நீக்கியவையும் சேர்த்தவையும்

அவ்வண்டியைப் பெற்றதும் அவர்கள் செய்த முதல் வேலை கழற்றுதலே. கதவுகள் நீங்கின, ஓட்டுவோன் தலைக்குமேல் இருந்த கூரை நீங்கிற்று, முன்கண்ணாடியும் நீங்கிற்று. எடை குறைந்தது ஒரு பயன். வெயிலில் கண்ணாடி மின்னி, வானூர்தியில் வரும் பகைவர்க்கு இடத்தைக் காட்டிக் கொடாமை மற்றொரு பயன். நாற்புறமும் தடையின்றி நோக்கத் தகுந்தமை மூன்றாவது பயன். இவ்வாறு நீக்கிப் பெற்ற எடையை நீருக்கும் பெட்ரோலுக்கும் உணவிற்கும் ஈந்தனர். பாரத்தைத் தாங்குதற்கு ஸ்பிரிங் பட்டைகளை வலுப்படுத்தினர்.

அடுத்தது டயர். அகன்ற டயர்களைப் பூட்டி, நெகிழ்மணல் வந்தவிடத்துக் காற்றைக் குறைத்தனர். இதன் காரணம் எளிய கணக்கில் விளங்கும். ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோகிராம் பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோகிராம் ஆயின், அப்பாரத்தைத் தாங்க ஏறத்தாழ 143 சதுர சென்டிமீட்டர் பரப்பு நிலத்தில் படிய வேண்டும். அழுத்தத்தை 1.75 ஆகக் குறைத்தால் படியும் பரப்பு 286 ஆகும். டயரின் விறைப்பினால் இக்கணக்குச் சிறிது மாறினும் கருத்து மாறாது: பாரம் அதுவே, ஆனால் மணலின் ஒவ்வோர் அங்குலமும் தாங்கும் சுமை பாதியாகின்றது. ஒட்டகத்தின் அகன்ற அடியும் இவ்வாற்றானே மணலிற் புதையாது செல்கின்றது. ஆயின் கற்பாங்கான தரை வந்தவுடன் மீண்டும் காற்று நிரப்புதல் வேண்டும். இல்லையேல் டயரின் பக்கம் மடிந்து சூடேறி வெடிக்கும். கூரிய கல்லும் கிழிக்கும்.

இவ்வளவு செய்தும் வண்டி புதையுங் காலம் உண்டு. அதற்குப் பாக்னால்டு கண்ட துணை, ஐந்தடி அளவினதாகிய எஃகுத் தகட்டு வாய்க்கால். 1914–18 போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்ட அத்தகட்டை அவர் கெய்ரோ நகரத்துப் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்தார். புதைந்த பின்சக்கரத்தின் முன்னே மணலைத் தோண்டி, அதனைச் சரிவாகச் செருகினால், சக்கரம் பற்றி ஏறும். எஞ்ஜினை மேன்மேலும் உறுமச் செய்வதனால் சக்கரம் இன்னும் ஆழமாகவே புதையும். மண்வெட்டி எடுப்பவனே விரைவில் வெளியேறுவான்.

மூன்றாவது, நீர். நெகிழ்மணலில் எஞ்ஜின் கடிதின் உழைப்பதால் ரேடியேட்டரில் நீர் கொதித்து ஆவியாய்ப் போகும். மனிதன் குடிக்கவேண்டிய நீரை எந்திரம் குடித்தால் பயணம் என்னாம்? ஆகவே ரேடியேட்டரின் வழிகுழாயை அடைத்து, ஆவி வேறோர் குழாய்வழியே வண்டியின் பக்கத்தில் கட்டிய தகரப் பாத்திரத்துள் செல்லுமாறு செய்தனர். அப்பாத்திரத்தில் பாதியளவு நீர் இருக்கும்; ஆவி அதனுட் புகுந்து குளிர்ந்து மீண்டும் நீராகும். அந்நீரும் கொதித்தால், வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துவர். எஞ்ஜின் குளிரக் குளிர, ரேடியேட்டரினுள் வெற்றிடம் உண்டாகி, பாத்திரத்து நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இணைப்புகள் காற்றுப் புகாது இருப்பின் ஒரு துளியும் வீணாகாது. விலையோ ஒரு தகரமும் ஒரு குழாயுமே.

நான்காவது, திசை. வண்டியின் இரும்பு காந்த ஊசியைப் பிறழச் செய்வதால், காந்தத் திசைகாட்டியை நோக்க ஒவ்வொரு முறையும் இறங்கி வண்டிக்கு அப்பாற் செல்ல வேண்டும். இதற்கு மாற்றாகப் பாக்னால்டு கதிர்த் திசைகாட்டியைப் பயன்படுத்தினார். 360 பாகைகள் குறித்த கிடையான வட்டம். அதன் நடுவே நேராக நிற்கும் ஊசி. இவ்வளவே அதன் உறுப்பு. ஊசியின் நிழல் குறித்த பாகையில் விழுமாறு வண்டியைச் செலுத்தினால் திசை பிறழாது. கதிரவன் நகர நகர வட்டத்தையும் வேண்டிய அளவு திருப்ப வேண்டும். சென்ற தொலைவை வண்டியின் மைல்மானி காட்டும். இரவில் விண்மீன்களின் உயரத்தை அளந்து, வானொலியால் நேரம் அறிந்து, தாம் நிற்குமிடத்தைக் கணித்துப் பகற்கணக்கைச் சரிபார்ப்பர்.

தங்குதல்

இங்ஙனம் செல்வோர்க்கு வண்டியே வீடு. நீரும் உணவும் மருந்தும் கம்பளமும் அதன்கண் உள. ஆதலின் எப்பொருள் எங்கே இருக்கிறது என்பதை இருளிலும் கையால் தடவி அறியத் தக்கவாறு அடுக்குதல் தங்குதற்கலையின் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் கலங்களைப் பற்றியது. ஆங்கிலேயர் அக்காலத்துப் பெட்ரோல் கொண்டுசென்றது நான்கு காலன் கொள்ளும் மெல்லிய தகரப் பெட்டிகளில். குலுக்கத்தால் அவற்றின் மூட்டுவாய் பிளந்து எண்ணெய் ஒழுகிப் பெரிதும் வீணாயிற்று. செருமானியர் செய்த 20 லிட்டர் கலமோ இரு பாதிகளாக அழுத்தி ஒட்டப்பட்டு, மூன்று கைப்பிடிகளும் இறுகிய மூடியும் உடையது. ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியவிடத்தெல்லாம் விரும்பிப் பயன்கொண்டனர். ஜெரிகேன் என அவர் இட்ட பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது.

வலிமையும் தகுதியும்

1941ஆம் ஆண்டில் அப்படைக்கு நான்கு சக்கரங்களும் இயங்கும் ஃபோர்டு லாரிகள் வந்தன. வன்மையில் அவை முன்னையவற்றினும் மிக்கவை. ஆயினும் எடை மிகுதி. பெட்ரோற் செலவும் மிகுதி. எண்ணெய்க் கடையில்லா நிலத்தில் மிகுதியாகக் குடிக்கும் வண்டி, தன் உணவையே தான் சுமந்து இளைக்கும் எருதை ஒக்கும். 1942ஆம் ஆண்டில் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் கனடா நாட்டுச் செவ்ரோலே லாரிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. வன்மை வேறு, தகுதி வேறு என்பது இதனாற் பெறப்படும்.

வண்டி இழந்தவன் நிலை யாதாகும்? 1941ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், குஃப்ரா என்னும் பசுந்திடலுக்குத் தெற்கே ஜெபல் ஷெரிப் என்னுமிடத்தில் அப்படையின் ஒரு பிரிவை இத்தாலியர் தாக்கி வண்டிகள் சிலவற்றை எரித்தனர். நால்வர் தப்பிப் பாறைகளிடையே ஒளிந்தனர். அவர்பால் இருந்தது இரண்டு காலனுக்கும் குறைந்த நீரே. மூர் என்னும் நியூசீலாந்து வீரர் காலிற் காயம் உற்றும் சரணடைய உடன்படாராய் ஏனையோரையும் அழைத்துக்கொண்டு, தம்மவர் வண்டிகள் பதித்த சக்கரச் சுவடுகளையே வழிகாட்டியாகக் கொண்டு தெற்கு நோக்கி நடந்தார். பத்தாம் நாள் மீட்கப்பட்டபோது அவர் நடந்திருந்த தொலைவு ஏறக்குறைய 210 மைல். நால்வருள் ஒருவர் மீட்கப்பட்ட பின்னர் உயிர்துறந்தார். நீர்க்கலம் ஒன்றை எங்கே கட்டுவது என்பது சிறு வினாவன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நாம் கொள்ளத் தகுவன

போர் முடிந்து நெடுங்காலம் ஆயிற்று. இன்று வானத்துத் துணைக்கோள்கள் திசை காட்டுகின்றன. ரேடியேட்டரும் முன்போற் கொதிப்பதில்லை. எனினும் முறை மாறவில்லை. பிக்கப்பைத் திருத்த விரும்புவோர், செய்தவர் குறித்த பாரத்தின் அளவை முதலில் அறிக. ஆட்களையும் நீரையும் எண்ணெயையும் அவ்வளவினுள் அடக்குக. கனமான பொருளைத் தாழவும் நடுவிலும் வைக்க. கூரைமேல் ஏற்றிய ஒவ்வொரு பொருளும் எடைமையத்தை உயர்த்திச் சரிவில் வண்டியைக் கவிழ்க்க முயலும். காற்றைக் குறைக்கும் கருவியோடு நிரப்பும் பம்பும் கொண்டு செல்க. மண்வெட்டியை மறவற்க. இயன்றவரை தனிவண்டியாய்ச் செல்லற்க. செல்லும் வழியையும் மீளும் நாளையும் ஊரிலிருப்பார் ஒருவர்க்கு உரைத்துச் செல்க.

பாக்னால்டு வண்டியைப் புதைத்த மணலையே பின்னர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். காற்றில் மணல் நகரும் முறையைப் பற்றிய அவரது நூல் 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது; 1944இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. செவ்வாய்க் கோளில் உள்ள மணற்குன்றுத் தொகுதி ஒன்றற்கு அவர் பெயர் வழங்குகின்றது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் கியூரியாசிட்டி என்னும் ஊர்தி அங்குச் சென்று அம்மணலை ஆராய்ந்தது. ஓட்டுவோனும் இல்லாத அவ்வூர்தியைப் பாதையில்லா அந்நிலத்திற்கு அனுப்பியவர்களும் முதலில் மணலின் இயல்பையே கற்றார்கள். கருவியை வாங்குதல் ஒரு நாள் வேலை. நிலத்தைக் கற்றல் பல்லாண்டு வேலை. கடினமான அதனை முன்வைப்பாரே, பாதை முடிந்த இடத்திற்கு அப்பாலும் சென்று, நலமே மீள்வர்.