காசிச்செட்டி

கேள்வி: கற்பிட்டிக் கரையோரத்தில் பெர்னாண்டோ, பெரேரா என்ற பெயர்களே காதில் விழுகின்றன. காசிச்செட்டி என்ற பெயர் எப்படி வந்தது? இன்றும் இருக்கிறதா?
– வாசகர், சிலாபம்

பதில்: போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற கரையோரக் குடும்பங்கள் பல, பெர்னாண்டோ போன்ற பெயர்களை ஏற்றுக்கொண்டன. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்த செட்டிகளில் சில குடும்பங்கள் கிறிஸ்தவர்களான பிறகும் தமிழ்ப் பெயரை விடவில்லை. முன்னால் ஒரு கிறிஸ்தவப் பெயர், பின்னால் குடும்பப் பெயர். காசி நமக்குப் பழகிய ஆள்பெயர்தான். செட்டி என்பது சமூகத்தைக் குறிப்பது.

இந்தப் பெயரை நாடறியச் செய்தவர் உங்கள் பக்கத்துக்காரர். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 17 வயதிலேயே புத்தளத்தில் மொழிபெயர்ப்பாளராகி, பின்னர் மணியகாரர் ஆனார். 1834இல் இலங்கையின் ஊர், ஆறு, மக்கள் பற்றிய விவரங்களை அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் 'சிலோன் கெசற்றியர்' வெளியிட்டார். 1838இல் சட்டநிரூபண சபையில் உறுப்பினரானார். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். அவருடைய 'தமிழ் புளூட்டாக்' 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டித்தந்த முன்னோடி நூல் அது. அரச உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஒருவர் இவ்வளவும் செய்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கற்பிட்டிப் பிள்ளைகள் இவரைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

பெயர் இன்றும் உண்டு, ஆனால் அரிது. காசிச்செட்டிக் குடும்பங்கள் சேர்ந்த கொழும்புச் செட்டிகள் சிறிய சமூகம். 2012 குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைச் செட்டி' என்று தனி இனமாகவே கணக்கிடப்பட்டார்கள். எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியின் குடும்பப் பெயரும் இந்தச் சமூகத்தோடு தொடர்புடையதே.