வீட்டுத் தோட்டத்தில் தேன்சிட்டு

பூவின் முன் அந்தரத்தில் நின்று தேனுண்ணும் ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலப் பகுதியில் பூந்தேனை நாடி வருவது தேன்சிட்டாகும். இது பெரும்பாலும் கொப்பில் அமர்ந்தே தேனருந்தும். இவற்றுள் நீண்டு வளைந்த அலகுடைய லோட்டன் தேன்சிட்டு, 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்தவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

வேலியோரத்தில் செவ்வரத்தையும் வெட்சியும், கிணற்றடியில் வாழையும் இருப்பின் இப்பறவை தானே வரும். சீனிநீர்க் கிண்ணம் வேண்டியதில்லை. அடுக்குச் செவ்வரத்தையிலும் ஒற்றைப் பூவே உகந்தது. அடுக்கிதழ்கள் தேனுக்கு வழிமறிக்கும்.

கமக்காரர் முக்கியமாகக் கவனித்தற்குரியது கூடு. பெண்பறவை நாரையும் சருகையும் சிலந்தி நூலாற் பிணைத்துக் கொப்பின் நுனியிற் பைபோலத் தொங்கவிடும். பார்வைக்குக் குப்பையெனத் தோன்றுவதால் வேலி வெட்டுங்கால் இது அழிந்துபோகும். பொதுவாக இரண்டு முட்டைகள் இடும். அவை பொரிக்க ஏறக்குறைய 15 நாட்கள் செல்லும். குஞ்சுகளுக்குத் தேன் போதாது. பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டியே தாய் வளர்க்கும். ஆதலால் அயலிலுள்ள பயற்றைப் பாத்தியில் தெளிக்கும் பூச்சிநாசினி குஞ்சின் இரையையும் நஞ்சாக்கும். முதலிற் புழுக்கண்ட இலைகளைக் கையால் நீக்குதல் வேண்டும். நாசினி தவிர்க்க முடியாதவிடத்து, காற்றடங்கிய மாலையில், பீடை கண்ட செடிகளுக்கு மாத்திரம் தெளித்தல் தகும். தேன்சிட்டே பீடையனைத்தையும் ஒழித்துவிடுமென எதிர்பார்த்தலும் தவறாகும்.

கூடுள்ள கொப்பை மட்டும், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை, வெட்டாது விட்டு வேலியின் எஞ்சிய பகுதியை வெட்டலாம்.